ஆளுக்கொரு வேண்டுதல்

"குடத்துல பாதி பால் ஊத்துனா பாதி வேண்டுதல்தான் சேருமாம். பூசாரி சொல்லிப்புட்டாரு" என்றபடி பித்தளைக் குடத்தைக் கட்டிலுக்கு முன்னால் நங்கென்று வைத்தாள் மீனம்மாள். "எதுக்கும் ஒருதடவை தூக்கிப் பாருங்க."

கருத்தையா குடத்தைப் பார்த்தார். கோட்டையூரிலும் கானாடுகாத்தானிலும் எந்தப் பெரிய வீட்டை இடித்தாலும் அங்கிருந்து தேக்கு உத்தரங்களைத் தோளில் சுமந்து வண்டியேற்றுகிற கூட்டத்தில் முன்தோள் அவருடையது. முன்தோள்காரன் கால் வைக்கிற இடத்தில்தான் பின்னால் வருகிற அத்தனை பேரும் கால் வைப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆள் இப்போது ஒரு காலிக் குடத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

"தண்ணிக் குடம்கூடத் தூக்கப்படாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"தண்ணிக் குடம்னுதான சொன்னாக. பால் குடத்தப் பத்தி அவுக வாயே தெறக்கலையே."

மாசி மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் அவருடைய இதயத்துக்குள் சூடு வைத்திருந்தார்கள். தாளம் தப்பி ஓடுகிற இதயம். உள்ளே மின்சாரம் கண்ட இடத்தில் கசிகிறது, தொடை இடுக்கு வழியாகக் கம்பியை விட்டு, கசிகிற இடத்தைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். அரை மயக்கத்துக்கு ஊசி போட்டார்கள். ரேணுகா என்ற நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் கருத்தையாவுக்கு நினைவில் இருந்தது. மற்றதெல்லாம் புகை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இவ்வளவுதான். மறுபடி வந்து காட்டுகிறவரை கனம் தூக்கக் கூடாது. கம்பி விட்ட இடத்தை நனைக்கவோ தேய்க்கவோ கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, உடம்பில் கீறல் படக் கூடாது. மூன்று மாதம் வரை அவ்வப்போது படபடப்பு வரும், சுட்ட புண் ஆறுகிற காலம் அது, பயப்படக் கூடாது. வேர்த்துத் தலை சுற்றினால் மட்டும் உடனே வரவேண்டும்.

எல்லாம் கருத்தையாவுக்கு மனப்பாடம். ஆனால் அவர் உள்ளே படுத்திருந்த நேரத்தில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு சில ஏற்பாடுகள் செய்திருந்தார்கள்.

மீனம்மாளின் பால்குடம் அதில் ஒன்று. மற்றவை அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தன.

கண்டரமாணிக்கத்திலிருந்து தங்கச்சி நாச்சியார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். ஐம்பது வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல் அவளுக்கு. பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணே, நான் பெருசா ஒண்ணும் வேண்டல. ஈரத்துணியோட கோயிலச் சுத்தி உருண்டு வர்றதாத்தான் வேண்டுனேன்."

"நல்லா உருண்டு வா தாயி. அதுக்கு எதுக்கு இம்புட்டுத் தயக்கம்?"

"நான் இல்லண்ணே. நீயி."

சுளை தொண்டையில் நின்றது. "ஏத்தா, கவட்டையில ஓட்டை போட்டு அனுப்பியிருக்கான். நனைக்காதங்கிறான், தேய்க்காதங்கிறான். நான் எப்புடி உருளுவேன்? உன் அண்ணனுக்காக நீ உருண்டா ஆத்தா வேணாம்னா சொல்லுவா?"

நாச்சியார் பின்னலை முன்னால் இழுத்து மடியில் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

மீனம்மாளின் தம்பி முத்தரசு வாசலில் குட்டியானை வண்டியை நிறுத்திவிட்டு வந்து சுவரோரமாக நின்றான். அவன் நின்ற தோரணையே சரியில்லை.

"நீயுமாடா?"

"சின்னதுதான் மச்சான். கன்னத்துல ஒரு அலகு. வேல் கூட இல்ல, ஊசிதான். இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்துருவாக."

"யாருக்கு?"

முத்தரசு குனிந்து தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"டேய், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்கிறேன்டா! நேத்துச் செரைக்கிறப்பக் கீறுனதுக்கே துண்டு முழுக்க நனைஞ்சு போச்சு!"

"ஆத்தா முன்னால ஊசி குத்துனா ரத்தம் வராது மச்சான். எத்தன பேருக்குப் பாத்திருக்கோம்."

"அவனெல்லாம் இந்த மாத்திரை திங்காதவன்டா!" கருத்தையா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "ஒரு நாயாச்சும் தன் உடம்ப வச்சு வேண்டுச்சா? என் உடம்பு என்ன புறம்போக்கு நெலமா, ஆளாளுக்கு ஒரு மூலையில குச்சி நட்டு வைக்க?"

"ஏன் கத்துறீக? கத்தப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காகள்ல" என்றாள் மீனம்மாள். பலகாரக் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று நின்று கொப்புளம் காய்ந்த முன்கையைத் தடவிக்கொண்டாள். "ஒரே ஆளு எல்லாத்தையும் செஞ்சுட்டா மத்தவுகளுக்குச் சிரமம் இல்ல பாருங்க."

அதில் என்ன நியாயம் இருக்கிறது என்று கருத்தையாவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை.

மறுநாள் மீரான் சாகிபு வந்தார். பழைய வீட்டு மரமும் தூணும் வாங்கி விற்கிறவர், கருத்தையாவின் முதலாளி. பேரீச்சம்பழப் பெட்டியைத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் துஆ மட்டும்தான் கேட்டேன், கருத்தையா. தூக்குறது உருளுறதெல்லாம் ஒண்ணும் கேக்கல. கேட்டுக்க."

"நீங்க ஒருத்தருதான் பாய் மனுசன்."

"எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. தெரியும்ல?" என்றார் மீரான் சாகிபு, யாரும் கேட்காமலே. "இந்தா இருக்கிற காரைக்குடிக்கே பஸ்ஸுலதான் போறேன். நடக்குறதுங்கிற பேச்சே கெடையாது. அல்லாவுக்கும் அது தெரியும்."

"தைலம் தேய்ங்க பாய்" என்றார் கருத்தையா. பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டார். "வேலை ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. முன்தோளுக்கு நம்ம அழகுசுந்தரத்தப் போட்டிருக்கேன். சும்மா, நீ வர்ற வரைக்கும்."

வர்ற வரைக்கும். கருத்தையா அந்த வார்த்தையை முன்பே கேட்டிருந்தார். அவருக்கு முன்னால் முன்தோளில் நின்றவன் குடல் இறங்கிப் படுத்தபோது, அவன் வருகிற வரைக்கும் என்றுதான் இவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவன் வரவேயில்லை. வெகுகாலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளில் உத்தரம் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பெஞ்சிலும் அவனைக் காணோம். சுமக்கிறவனுக்கு உடம்பு மட்டும்தான் உண்டு. அது போனால் அவன் வீட்டில் ஒரு வாய், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் நெஞ்சுக்குள் கோழி இறக்கையடித்தது. சற்று நேரத்தில் நின்றது. பயப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு பயந்தார். ஒருவேளை ஆத்தாதான் உள்ளே நின்று கதவைத் தட்டுகிறாளோ?

"கோயிலுக்குப் போயிப் பேசித் தீத்துருவோம்" என்றார் மீனம்மாளிடம்.

முத்தரசுவின் வண்டியில் போனார்கள். நாச்சியாரும் ஏறிக்கொண்டாள். முத்தரசு வாசற்படிவரை செருப்போடு வந்து, அதைக் கழற்றிய பிறகு சூடேறிய கல்லில் ஒற்றைக் காலும் இரட்டைக் காலுமாகக் குதித்துக்கொண்டே உள்ளே ஓடினான்.

"இவுக வேண்டுனத இவுகளே செஞ்சா ஆத்தா ஏத்துக்கிருவாளா சாமி?" என்று பூசாரியிடம் கேட்டார் கருத்தையா.

"அதெப்புடி? யார் பேரச் சொல்லி வேண்டுச்சோ அந்த ஆளுதான் செய்யணும். பேரு ஆத்தா காதுல விழுந்துருச்சுல்ல?"

மீனம்மாளும் நாச்சியாரும் முத்தரசுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீனம்மாள் ஓரடி முன்னால் வந்தாள்.

"சாமி, மொதல்ல வேண்டுனது நிக்குமா, கடைசியா வேண்டுனது நிக்குமா?"

"எல்லாம் நிக்கும்."

"கடைசியா வேண்டுனது வந்து மொதல்ல வேண்டுனத அழிச்சிராதா?"

"அழிக்க இது என்ன சிலேட்டாத்தா?"

மீனம்மாளின் முகம் செத்துப்போனது. பால்குடத்தை உருளுவது அழித்துவிடுமா என்று நமக்காகத்தான் கேட்கிறாள், பாவம், என்று கருத்தையாவின் மனம் இளகியது.

"அடுத்த வருசத்துக்காச்சும் தள்ளி வைக்கலாமா?" என்று கேட்டார்.

"தள்ளலாம். காப்புக் கட்டித் தவணை கேக்கணும். திருவிழா முடியிற வரைக்கும் ஒருவேளைச் சோறு, வெறுந்தரையில படுக்கை."

"மாத்திரை ரெண்டு வேளைச் சோத்துக்குப் பின்னால திங்கணும் சாமி."

"அது டாக்டர் கட்டுன காப்பு. அத அவரத்தான் அவுக்கச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே பூசாரி மஞ்சள் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

தவணை கேட்கப் போனவர் காப்போடு திரும்பி வந்தார்.

ராத்திரி மாத்திரையை ஒரு வாழைப்பழத்துக்குள் திணித்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆத்தாவுக்குத் தெரியாமல் விழுங்கினார். தரையில் படுத்து எழுந்தால் தொடை இடுக்கு பிடித்துக்கொண்டது. பசி வயிற்றைக் கிள்ளியது. பசித்தால் நெஞ்சுக்குள் கோழி அடித்தது. அவர் நெஞ்சில் கை வைக்கிறதை மீனம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஆத்தாவால முடியல போல. முருகா! இவுக பழனிக்கு நடந்தே வந்து காவடி எடுப்பாக!"

பழனி என்ற பெயரைக் கேட்டதும் கருத்தையாவின் நெஞ்சில் இரண்டு கோழிகள் அடித்தன.

அதற்கப்புறம் அது தானாகவே ஓடியது. படபடப்பு வந்தால் மீனம்மாள் வேண்டிக்கொண்டாள். அவள் வேண்டிக்கொண்டதைக் கேட்டால் படபடப்பு வந்தது. விஷயம் போனில் கண்டரமாணிக்கத்துக்குப் போய், நாச்சியார் தன் பங்குக்கு அங்கிருந்து ஒன்று சேர்த்து அனுப்பினாள். கருத்தையா படபடப்பை மறைக்கப் பார்த்தார். நெஞ்சு அடிக்கும்போது இருமுவதுபோல் நடித்தார். "சளி புடிச்சிருக்கு" என்று மீனம்மாள் சளிக்கும் ஒரு வேண்டுதல் போட்டாள்.

"போதும்டி!" என்று ஒருநாள் தரையில் கையை அடித்து அழுதேவிட்டார். "சுட்டுக்கூடப் பொழச்சு வந்துட்டேன். நீங்க வேண்டியே கொன்னுருவீக!"

மீனம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள். அவள் கையில் முறுக்கு எண்ணெய் வாசம் அடித்தது.

"நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வேன்? பயத்துல எது வாயில வருதோ அதச் சொல்லிப்புடுறேன். பயந்தவுக சொல்றதுதான? நீங்க பயந்தா சொல்ல மாட்டீகளா?"

"நானெல்லாம் அடுத்தவன் உடம்ப அடகு வைக்கிற ஆளு இல்ல" என்றார் கருத்தையா.

மீனம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு எழுந்துபோய் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினாள்.

ஒன்றையாவது முடித்துக் காட்டினால் மற்றதற்கு ஆத்தா பொறுத்துக்கொள்வாள் என்று கடைசியில் அவரே முடிவுக்கு வந்தார். இருப்பதில் லேசானது பால்குடம். மீனம்மாள் குடத்துக்குள் ஒரே ஒரு டம்ளர் பாலை ஊற்றி, அதன் வாயில் வேப்பிலையைக் கொத்தாகச் செருகினாள். "இம்புட்டு எலையத் தாண்டி ஆத்தா எட்டியா பாக்கப் போறா?"

திருவிழாவன்று மஞ்சள் வேட்டியோடு குடம் தலைக்கு ஏறியது. முத்தரசு பின்னால் வந்து ஒரு கையால் குடத்தைத் தாங்கிக்கொண்டான். உண்மையில் கனம் முழுக்க அவன் கையில்தான் இருந்தது. பங்குனி வெயில். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். தெரு முழுக்கப் பால்குடம், முன்னால் தப்பு, பக்கத்தில் உறுமி மேளம். மீரான் சாகிபு ஒரு கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை காட்டினார்.

கோயில் வாசல் தெரிந்தது. தப்புக்காரர்கள் அடியை ஏற்றினார்கள். கருத்தையாவின் இதயம் அந்த அடியோடு கொஞ்ச தூரம் போனது. பிறகு தனியாகப் பிரிந்து தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது. கண் இருட்டியது. வேர்வை கொட்டியது. கால் இரண்டும் நடுங்கின. உடம்பு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

குலவை எழுந்தது. ஒரு அண்டா மஞ்சள் தண்ணீர் அவர் தலையில் இறங்கியது. டாக்டர் நனைக்கக் கூடாது என்ற இடம்வரை அது போய்ச் சேர்ந்ததை அவர் உணர்ந்தார்.

"மாத்திரை..." என்றார் கருத்தையா. "மாத்திரை எங்க..."

"மாத்திரைய விடச் சொல்றா ஆத்தா!" என்று ஒரு கிழவர் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, மடியிலிருந்த சர்க்கரை மாத்திரையை எடுத்து வேப்பமரத்தடியில் வீசினார்.

ஒரு பொம்பளை காலில் விழுந்தாள். "தாயே, எம் மகளுக்கு எந்த எடத்துல மாப்பிள அமையும்? சொல்லு தாயே!"

"ஆம்புலன்சு..."

"பாத்தீகளா! அந்த ஆம்புலன்சு டிரைவர் பயதான்! நான் அன்னைக்கே சொல்லல?" என்று அவள் தன் புருஷனைப் பார்த்துக் கூவினாள்.

"வேர்க்குது... தல சுத்துது... டாக்டர்ட்ட..."

அடுத்த அண்டா இறங்கியது. மேளக்காரர்கள் இன்னும் நெருங்கி வந்து காதுக்குப் பக்கத்தில் அடித்தார்கள். இப்படித்தான் சாகப் போகிறோம், செத்தபிறகும் கற்பூரம் காட்டிக் குறி கேட்பார்கள் என்று கருத்தையாவுக்குத் தோன்றியது.

குடம் சரிந்தது. ஒரே ஒரு டம்ளர் பால் தரையில் சிந்தியது. அதைப் பார்த்துக் கூட்டம் ஒரு நொடி வாயடைத்து நின்றது. அந்த ஒரு நொடியில் மீனம்மாள் பாய்ந்து வந்து, "சாமி இல்லடா, எம் புருசன்டா!" என்று அலறி, மேளக்காரரின் தப்பைப் பிடுங்கி எறிந்தாள்.

குட்டியானையின் பின்தட்டில் அவரைப் படுக்க வைத்தார்கள். இத்தனை காலம் அவர் உத்தரம் ஏற்றிக் கட்டிய தட்டு. முன்னால் முத்தரசுவுக்குப் பக்கத்தில் மீரான் சாகிபு ஏறிக்கொண்டார். பின்னால் ஒருபக்கம் மீனம்மாள், மறுபக்கம் நாச்சியார். வண்டி மதுரையைப் பார்த்து ஓடியது. மீனம்மாளின் உதடு அசைவதைப் பார்த்துக் கருத்தையா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்டி. வேண்டாத."

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி இசிஜி எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பிடித்துப் பார்த்தார்.

"மறுபடி தாளம் தப்பியிருக்கு. மருந்து ஏத்துனதும் திரும்பிருச்சு. பட்டினி, வெயிலு, மேல பச்சத் தண்ணி. ஏங்க, மனுசன் செய்யிற வேலையா இது? சுட்ட எடமே இன்னும் ஆறல."

"நான் மறுபடி உத்தரம் தூக்கலாமா சார்?"

டாக்டர் தாளை மடித்தார். "மூணு மாசம் போகட்டும். பாப்போம்."

வர்ற வரைக்கும் என்பதும் பாப்போம் என்பதும் ஒரே ஊர்க்காரன் பேச்சு என்று கருத்தையாவுக்குத் தெரியும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கட்டிலைச் சுற்றி அத்தனை பேரும் நின்றார்கள். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு ஈரத்தில் ஊறிக் கிடந்தது.

நர்ஸ் ரேணுகா கத்தரிக்கோலோடு வந்தாள். "இந்தக் கயித்த வெட்டணும்யா. இங்கதான் ஊசி போடணும். யாரு கட்டிவிட்டா?"

அவ்வளவுதான். கருத்தையாவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. பால்குடத்திலிருந்து பழனி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"நீங்களே சொல்லுங்க சிஸ்டர். உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கிறவன் உடம்ப வச்சு வேண்டுறாகளே, இவுகள்லாம் மனுசங்களா? எவனாச்சும் அடுத்தவன் பேரச் சொல்லி வேண்டுவானா?"

மீனம்மாள் கூரையைப் பார்த்தாள். நாச்சியார் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். முத்தரசு ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து நின்றான். மீரான் சாகிபு குனிந்து முட்டியைத் தேய்த்தார்.

ரேணுகா கயிற்றை வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நல்லாக் கேட்டீக போங்க! அன்னைக்கு அர மயக்கத்துல என் கையப் புடிச்சுக்கிட்டு, 'ஆத்தா, என்னையப் பொழைக்க வையி, எம் பொண்டாட்டி தீச்சட்டி எடுப்பா, எந் தங்கச்சி மொட்ட போடுவா, மச்சினன் பூக்குழி எறங்குவான், பாய் நாகூருக்கு நடந்தே போவாரு'ன்னு கத்துனது யாரு? நான் வெளிய போயி அதச் சொன்னப்பறம்தான இவுகள்லாம் பதறியடிச்சு, பதிலுக்கு உங்க பேருல வேண்ட ஆரம்பிச்சாக!"